தீனபந்து ஆண்ட்ரூஸ்: கூலிக் கப்பல்களை நிறுத்தியவர்



அரக்கோணம் பக்கமிருந்து சென்னைக்குப் போகும் ரயிலை அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்று நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நம் கள்ளிக்குப்பத்து ஜனங்கள் ஏறிப்போகிற ரயில் அது. அந்தப் பாதை நேற்றுப் போட்டதல்ல. 1856-ம் வருஷம் ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடத் தொடங்கிய, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையே அதுதான். நூறு வருஷங்களுக்கு முன்பு வட ஆற்காட்டிலிருந்து சென்னைக்கு வந்த ஏழைகள் பலர் இவ்வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அவர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. ஆள்பிடிக்கும் தரகர்கள் அவர்களைச் சென்னையிலிருந்த கூலி டிப்போவில் சேர்த்து, கைநாட்டு வாங்கி, கப்பலேற்றி விட்டார்கள். அவர்கள் போன இடம் பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள பிஜித் தீவு.

அந்தக் கப்பல்களை நிறுத்தியது ஒரு யுத்தகால உத்தரவு. அது தானாக வந்துவிடவில்லை. அது பிறப்பதற்காகக் கடல் கடந்து அலைந்த ஒருவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

பெயர் மாறிய அடிமைத்தனம்

முதலில் அந்தக் கூலி முறை இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறி, 1834 ஆகஸ்டு 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அடிமைகள் விடுதலையடைந்தார்கள். ஆனால் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர்களுடைய பார்வை பஞ்சத்தில் வாடிய நம் தேசத்தின் மீது விழுந்தது. மொரீஷியஸ், டெமராரா, டிரினிடாட் என்று கப்பல்கள் புறப்பட்டன. 1860-ல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் போயிற்று. அதில் சென்ற தமிழர்களில் நம் கத்தோலிக்கரும் இருந்தார்கள். 1879-ல் பிஜித் தீவுக்கும் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். 1916 வரையில் பிஜிக்குப் போனவர்கள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் 1903-க்குப் பின் சென்னையிலிருந்து போனவர்கள்.

இவர்களை அடிமைகள் என்று யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தக் கூலிகள் என்றார்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு. ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்களுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் குறித்த வேலையை முழுதும் முடித்தால்தான். படிக்கத் தெரியாத ஜனங்களுக்குத் தரகர்கள் மறைத்த விஷயம் ஒன்று உண்டு. வேலைக்குப் போகாவிட்டாலோ, தோட்டத்தை விட்டுப் போய்விட்டாலோ, அது குற்றம், அதற்குச் சிறைவாசம். சாதாரண வேலைக்காரன் முதலாளி பிடிக்காவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம். இவர்களோ ஐந்து வருஷம் முடியும்வரை எஜமானனை மாற்றிக்கொள்ளவும் முடியாது. விலைக்கு வாங்கும் வழக்கம் போயிற்று. கட்டிவைக்கும் வழக்கம் போகவில்லை.

ஏழைகளுக்குள் வளர்ந்த குருவானவர்

இந்த முறையை எதிர்த்தவர்கள் பலர். கோபால கிருஷ்ண கோகலே 1912-ல் வைஸ்ராயின் சட்டசபையில் இதை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். இந்திய அங்கத்தினர்கள் அவரை ஆதரித்தும் சர்க்கார் பக்கத்து வாக்குகளால் அது தோற்றது. கோகலே தொடங்கிய வேலையை முடிவுவரை சுமந்து சென்றவர் ஓர் ஆங்கிலேயர். அவர்தான் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ்.

அவர் 1871 பிப்ரவரி 12-ந் தேதி இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். பெரிய குடும்பம். தாயாரின் சொத்து நம்பி ஒப்படைத்த ஒரு சிநேகிதரால் பறிபோக, வீட்டில் வறுமை வந்தது. மோசம் செய்த அந்த மனிதருக்காகத் தகப்பனார் குடும்ப ஜெபத்தில் வேண்டிக்கொண்டதை அச்சிறுவன் கண்டான். அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை. கேம்பிரிட்ஜில் படித்துத் தேறி, 1897-ல் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றார். லண்டனின் ஏழைத் தொழிலாளர் வசித்த வால்வொர்த் பகுதியில் சில காலம் ஊழியம் செய்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் ஏழையின் முகத்தில் ஆண்டவரைத் தேடிய அவருடைய வாழ்க்கை நமக்கும் பாடமே.

1904-ல் அவர் டில்லிக்கு வந்து செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே சுசீல் குமார் ருத்ரா என்னும் இந்தியக் கிறிஸ்தவர் அவருக்கு உற்ற நண்பரானார். கல்லூரித் தலைவர் பதவி காலியானபோது, அது வெள்ளைக்காரருக்கே உரியது என்ற நினைப்பை எதிர்த்து, ருத்ராவுக்கே கிடைக்கும்படி ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1906-ல் ருத்ரா தலைவரானார். ஆளுகிற ஜாதியில் பிறந்தவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தது அக்காலத்தில் சிறிய காரியமல்ல.

டர்பன் துறைமுகத்தில்

1913-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகளும் அவர்களுடைய பெண்களும் சிறை சென்றார்கள். அவர்களுக்காகக் கோகலே நிதி திரட்டியபோது ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் கொடுக்க முன்வந்தார். பணம் மட்டும் போதாது, நீரே போக வேண்டும் என்று கோகலே கேட்டுக்கொண்டார். 1914 ஜனவரி மாதம் பியர்சன் என்னும் நண்பருடன் அவர் டர்பனில் இறங்கினார். கரையில் எதிர்கொண்ட காந்தியடிகளைக் கண்டதும், குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் இந்தியரின் காலைத் தொட்டாரே என்று அந்த ஊர் வெள்ளையர் சீறினார்கள். ஆண்ட்ரூஸ் பொருட்படுத்தவில்லை. அந்நாட்களில்தான் இங்கிலாந்தில் அவருடைய தாயார் காலமானார். அத்துக்கத்தோடும் அவர் தம் வேலையை விடவில்லை.

அங்கே அவர் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஓர் ஒப்பந்தக் கூலி. முதுகில் அடியின் தழும்புகள். ஆறுதல் சொல்ல ஆண்ட்ரூஸ் அருகே போனார். வெள்ளைக்காரர் வருகிறார், அடிக்கத்தான் வருகிறார் என்று எண்ணி அம்மனிதர் உடல் ஒடுங்கிப் பின்வாங்கினார். அன்பு செய்ய நீட்டிய கையைக் கண்டும் ஒரு மனிதன் நடுங்க வேண்டுமானால், அவன் என்ன பாடு பட்டிருப்பான்! அடுத்த வருஷம் ஆண்ட்ரூஸ் கடும் நோயில் விழுந்து தேறிவரும்போது, அந்தக் கூலியின் முகம் அவர் மனக்கண்முன் வந்து நின்றதாம். பார்த்துக்கொண்டே இருக்கையில் அது சேசுநாதருடைய திருமுகமாக மாறியதாம். இதை அவரே பின்னாளில் எழுதி வைத்தார். அதன்பின் அவர் படுத்திருக்கவில்லை. பிஜிக்குப் போக முடிவு செய்தார்.

பிஜித் தீவில் கண்டது

1915-ன் முடிவில் ஆண்ட்ரூஸும் பியர்சனும் பிஜியில் ஐந்து வார காலம் தங்கினார்கள். யாருடைய சம்பளமும் வாங்கவில்லை. தோட்டந் தோட்டமாகப் போனார்கள். முதலாளிகளிடமும் பேசினார்கள், கூலிகளிடமும் பேசினார்கள்.

தாய்மாரே, தகப்பன்மாரே, அங்கே குடும்பம் என்ற ஒன்று எப்படி இருந்தது என்று கேளுங்கள். கூலிகளை வைத்திருந்தது நீளமான வரிசைக் கொட்டகைகளில். பத்தடி நீளம், ஏழடி அகலமுள்ள ஓர் அறையில் மூன்று ஆண்கள். அல்லது ஒரு குடும்பம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது சர்க்கார் வகுத்த கணக்கு. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட, துணையற்ற பெண்களைத் தரகர்கள் ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள். இதனால் கலியாண வாழ்வு குலைந்தது. பொறாமையும் கொலையும் மலிந்தன. தற்கொலைகள் நம் நாட்டில் காணாத அளவுக்குப் பெருகின. முன்னதாகவே, 1912-ல், குந்தி என்னும் கூலிப் பெண் ஒருத்தி, கெட்ட எண்ணத்தோடு வந்த மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்தாள். படகில் வந்த ஒரு பையன் அவளைக் காப்பாற்றினான். அவள் கதை கல்கத்தாப் பத்திரிகையில் வெளிவந்து தேசமெங்கும் பரவியிருந்தது. பிஜித் தீவில் துன்புற்ற நம் பெண்களுக்காகப் பாரதியார் உருகிப் பாடியதும் உங்களுக்குத் தெரிந்ததே.

ஆண்ட்ரூஸும் பியர்சனும் தாங்கள் கண்டதை 1916-ன் ஆரம்பத்தில் அறிக்கையாக வெளியிட்டார்கள். அதில் வசை இல்லை. எங்கே நல்லவர்களைக் கண்டார்களோ அதையும் எழுதினார்கள். ஆனால் சில்லறைத் திருத்தங்களால் இம்முறை சீர்படாது, வேரோடு பிடுங்க வேண்டும் என்று முடிவு கூறினார்கள். நிதானமாகச் சொன்ன உண்மையை மறுப்பது கடினம். 1916 மார்ச் 20-ந் தேதி பண்டித மதன் மோகன் மாளவியா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு ஏற்றுக்கொண்டு, இம்முறை ஒழியும் என்று வாக்களித்தார். தேசம் மகிழ்ந்தது.

வாக்குறுதியும் யுத்தகால உத்தரவும்

நாமாயிருந்தால் இதோடு காரியம் முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அந்த வாக்குறுதியில் ஒரு சொல் தொக்கி நின்றது: வேறு ஏற்பாடு செய்யும்வரை. அந்த வேறு ஏற்பாட்டுக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆகலாம், அதுவரையில் ஆள்பிடிப்பது நடக்கும் என்பது ஆண்ட்ரூஸுக்குத் தெரியவந்தது. ஐந்து வருஷமென்றால் இன்னும் எத்தனை கப்பல்! எத்தனை குடும்பம்!

1917-ன் தொடக்கத்தில் தேசமெங்கும் கிளர்ச்சி மூண்டது. ஆண்ட்ரூஸ் ஊர் ஊராகப் போய் மறைந்திருந்த விஷயத்தை வெளியிட்டார். சரோஜினி நாயுடு அம்மையார் கூட்டங்களில் பேசினார். மே மாதம் 31-ந் தேதிக்குள் கூலி ஏற்றுமதி நிற்க வேண்டுமென்று காந்தியடிகள் கெடு வைத்தார். படித்த பெண்மணிகள் புதிய வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபுவை நேரில் கண்டு, கடல் கடந்த தங்கள் சகோதரிகளுக்காக முறையிட்டார்கள்.

அப்போது முதல் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1915-ல் செய்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் சர்க்காருக்கு அளவற்ற அதிகாரம் கொடுத்திருந்தது. விசாரணையின்றி ஆட்களை அடைக்கவும் அது இடந்தந்தது. நம் தேசபக்தர் பலரை வருத்திய சட்டம் அது. அதே சட்டத்தின் கீழ் 1917 மார்ச் 12-ந் தேதி, ஒப்பந்தக் கூலிகளை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. சொன்ன காரணம் கருணையல்ல. மெசபொட்டேமியாவிலும் பிரான்சிலும் யுத்த வேலைக்கு இந்தியத் தொழிலாளர் தேவைப்பட்டார்கள். ஆகவே ஆட்கள் வெளியே போகக்கூடாது என்பதே காரணம். ஆனால் தேசத்தில் எழுந்த குரல் இல்லாவிட்டால் அந்தக் காரணம் அந்த வாரத்தில் நினைவுக்கு வந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படி நடந்தது இது முதல் தடவையல்ல. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1863 ஜனவரி 1-ந் தேதி அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை யுத்த நடவடிக்கையாகவே வெளியிட்டார். கலகஞ் செய்த மாகாணங்களிலிருந்த அடிமைகளுக்கு மட்டுமே அது விடுதலை அளித்தது. தம் பக்கம் நின்ற மாகாணங்களின் அடிமைகளை அது தொடவில்லை. அரசியல் சாசனம் 1865 டிசம்பரில் திருத்தப்பட்ட பிறகே அடிமைத்தனம் அந்தத் தேசமெங்கும் சட்டத்தால் ஒழிந்தது. உத்தரவு கதவைத் திறந்தது. உள்ளே இருந்தவர்கள் யாவரும் வெளியே வருவதற்கு வேறு கைகளும் வேண்டியிருந்தன.

எஞ்சியவர்களைத் தேடிப் போனவர்

நம் கூலிகளின் கதையும் அதுவே. பிஜிக்குப் போன கடைசிக் கப்பல் 1916 நவம்பரில் அங்கே கரைசேர்ந்தது. 1917 உத்தரவினால் அதற்குப்பின் வேறு கப்பல் போகவில்லை. ஆனால் அதில் போனவர்களுக்கு 1921 வரையில் ஒப்பந்தம் இருந்ததே! அவர்களை யார் மீட்பது? உத்தரவோ யுத்தகாலத்துக்கு மட்டும். யுத்தம் முடிந்தபின் மறுபடி கதவைத் திறக்கலாம் என்று முதலாளிகள் காத்திருந்தார்கள்.

ஆண்ட்ரூஸ் 1917-லேயே மறுபடி பிஜிக்குப் புறப்பட்டார். இம்முறை பல மாதங்கள் தங்கினார். இரண்டாவது அறிக்கையை எழுதினார். ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்குள்ள மாதர் சங்கங்களிடம் எடுத்துச் சொன்னார். அந்தச் சங்கத்தார் அவர் சொல்வது மெய்தானா என்று அறிய, 1918-ல் கார்ன்ஹாம் என்னும் மிஷன் பெண்மணியைப் பிஜிக்கு அனுப்பினார்கள். அவரும் போய்ப் பார்த்து, அது மெய்யே என்று எழுதினார். தோட்ட முதலாளிகளின் பத்திரிகைகள் ஆண்ட்ரூஸைத் தூற்றின. அவர் பதிலுக்குத் தூற்றவில்லை.

1920-ம் வருஷம் ஜனவரி மாதம் பிறந்தபோது, பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் யாவும் ரத்தாயின. 1922-ல் வந்த குடியேற்றச் சட்டம், யுத்தகால உத்தரவு செய்ததைச் சாதாரண காலத்துக்கும் உறுதிப்படுத்தியது. மொரீஷியஸுக்கு முதல் கூலிகள் போய் ஏறக்குறைய தொண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கணக்கு முடிந்தது.

இந்த ஆண்ட்ரூஸுக்குச் சொந்த வீடில்லை, மனைவி மக்கள் இல்லை, தங்கிய பணமில்லை. தாகூரின் சாந்திநிகேதனம் அவருக்குப் புகலிடமாயிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா, கயானா என்று இந்தியத் தொழிலாளி துன்பப்பட்ட இடங்களுக்கெல்லாம் போய்க்கொண்டே இருந்தார். ஏழைகளின் உறவினர் என்று பொருள்படும் தீனபந்து என்ற பெயரை நம் ஜனங்கள் அவருக்குக் கொடுத்தார்கள். 1940 ஏப்ரல் 5-ந் தேதி கல்கத்தாவில் உயிர்நீத்தார். அங்குள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயிருக்கிறார்.

நமக்கு என்ன?

இது பழைய கதை என்று தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். சுதந்திர இந்தியாவிலும் கொத்தடிமை முறையை ஒழிக்க 1975 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம் வேண்டியிருந்தது. 1976-ல் அது நிலையான சட்டமாயிற்று. முன்பணம் கொடுத்து ஒரு குடும்பத்தைக் கட்டிவைப்பது அன்றுமுதல் குற்றம். ஆயினும் நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தே, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் அதற்குப் பல வருஷங்களுக்குப் பின்பும் வந்தன. உத்தரவு போட்டாயிற்று என்பதால் உள்ளே இருப்பவன் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தமல்ல.

ஆகையால் ஆண்ட்ரூஸ் செய்த மூன்று காரியங்களை நினைவில் வையுங்கள். போய்ப் பார்த்தார். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். வாக்குறுதி வந்தபின்பும் கண்ணயரவில்லை.

நம் தெருவில் குடியேறியிருக்கும் வடதேசத்துத் தொழிலாளியின் பெயர் நமக்குத் தெரியுமா? அவன் சம்பளம் அவன் கைக்கு வருகிறதா? அடையாளச் சீட்டை மேஸ்திரி பிடுங்கி வைத்திருக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமையாவது அவனுக்கு ஓய்வு உண்டா? பக்கத்து வீட்டுக்காரராக ஒரு வார்த்தை விசாரியுங்கள். தவறு கண்டால் தாசில்தாருக்கோ கலெக்டருக்கோ தெரிவியுங்கள். கொத்தடிமைகளை மீட்கும் பொறுப்பு அவர்களுடையது. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படும்போது, ஏஜெண்டு நீட்டும் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட விடாதீர்கள். சம்பளம் எவ்வளவு, வேலை எது, எத்தனை வருஷம், திரும்பி வரும் செலவு யாருடையது என்று வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிஜிக்குப் போனவர்களுக்கு இதைக் கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை.

அடுத்த முறை அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கையில், அந்தத் தண்டவாளத்தைச் சற்றுப் பாருங்கள். அவ்வழியே போய்த் திரும்பி வராதவர்களுக்காக ஒரு சிறு ஜெபம் சொல்லுங்கள். பிறகு உங்களருகே, கையில் துணிமூட்டையோடு, ஊர் தெரியாமல் விழித்து நிற்பவர் யாராகிலும் உண்டா என்று திரும்பிப் பாருங்கள்.